பாதியில் நின்ற கிளாரினெட்

போன வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ரொறன்ரோவின் வடக்குப் பக்கத்தில் ஒரு யூத ஆலயத்தில் நடந்தது இது. இன்றைக்குச் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்தானுக்கு யூத ஆலயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸ் என்ற ஊரிலிருந்து மார்க்கம் என்ற ஊருக்கு வேலைக்குப் போகிறவன் நான். ஒருநாள் 401 நெடுஞ்சாலையில் கார்கள் அசையாமல் நின்றபோது வானொலியில் ஒரு கிளாரினெட் கேட்டது. நல்ல நாதஸ்வரக்காரர் ஒருவர் அழுதுகொண்டே ஆட்டத்துக்கு வாசித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. யூதர்களின் கல்யாண இசையாம். அன்று பிடித்த பைத்தியம், நூலகத்திலிருந்து சிடி சிடியாக அள்ளிவந்தேன். கூடவே, ஜிப்சிகள் என்று உலகம் சொல்கிற ரோமா மக்களின் வயலினும் ஒட்டிக்கொண்டது. இரண்டு கூட்டமும் ஐரோப்பாவில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்து ஒரே கல்யாணங்களுக்கு வாசித்தவர்கள், பிறகு இரண்டாம் உலகப் போரில் இரண்டு கூட்டத்தையும் ஒரே கை கொன்று குவித்தது என்பதையெல்லாம் சிடியோடு வந்த சின்னப் புத்தகங்களில்தான் படித்தேன். என் மனைவிக்கு மட்டும் இது பிடிபடவில்லை. “செத்தவீட்டிலை கலியாண மேளம் அடிச்ச மாதிரிக் கிடக்கு” என்பாள்.

யூதக் கலைஞர்களும் ரோமா கலைஞர்களும் ஒரே மேடையில் வாசிக்கிறார்கள் என்று அறிந்ததும் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே அவளும் வந்தாள்.

வாசலில் காவலாளி ஒருவர் மனைவியின் கைப்பையைத் திறந்து பார்த்தார். உள்ளே ஆண்களுக்குத் தலையில் வைக்கச் சின்னத் தொப்பி கொடுத்தார்கள். அதை வைத்த உடனேயே எனக்குக் கோயிலுக்குள் நிற்கிற எண்ணம் வந்துவிட்டது. கை தன்பாட்டில் சப்பாத்தைக் கழற்றியது.

“ஒருத்தரும் கழட்டேல்லை, போடுங்கோ” என்றாள் மனைவி.

“கோயில் எண்டால் கோயில்தான்” என்றேன் நான்.

சப்பாத்தோ புதிது. ஸ்காபரோவில் இருக்கிற தமிழ்க் கோயிலில் ஒருமுறை புதுச் சப்பாத்தை வாசலில் விட்டு, பூசை முடிய யாரோ விட்டுப்போன பழையதோடு வீடு வந்தவன் நான். அதற்குப் பிறகு எந்தக் கோயிலுக்குப் போனாலும் சப்பாத்தைப் பையில் கட்டி, ஒருவர் கண்ணிலும் படாத மூலையில் ஒளித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். எங்கள் ஆட்களில் பலர் செய்கிற வேலைதான். மனைவி கழிப்பறைக்குப் போன நேரம் கோட்டுப் பையிலிருந்த கறுப்புப் பிளாஸ்ரிக் பையை எடுத்து, சப்பாத்தை வைத்து இறுக்கி முடிந்து, பக்கக் கதவடியில் இருந்த ஹீற்றருக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

கச்சேரி தொடங்கியதும் உலகத்தை மறந்தேன். அதோடு பார்க்கச் சிடியில் கேட்டது ஒன்றுமேயில்லை. வயலின் கேள்வி கேட்கக் கிளாரினெட் பதில் சொன்னது. மனைவிகூடத் தலையை ஆட்டினாள்.

நாலாவது உருப்படியின் நடுவில் மண்டபத்து விளக்குகள் எல்லாம் எரிந்தன. காவலாளி மேடையில் ஏறிக் கையைக் காட்டினார். கிளாரினெட் பாதியில் நின்றது. ஆளில்லாத பை ஒன்று கிடக்கிறது, கோட்டுகளை எடுக்க நிற்காமல் எல்லோரும் மற்றப் பக்கக் கதவால் உடனே வெளியேறுங்கள் என்றார்.

சண்டைக் காலத்தில், கொழும்பில் இருந்த நாட்களில் பஸ்ஸில் ஏறினால் முதலில் சீற்றுக்குக் கீழேதான் குனிந்து பார்ப்போம். பைக்கும் பயம், பை வெடித்தால் தமிழர் என்று எங்களைத் தேடி வருகிற பொலிசுக்கு அதைவிடப் பயம். மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நகர்ந்தேன். ஒருவரும் கத்தவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று போனார்கள். ரோமா வயலின்காரர் வயலினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.

கார் நிறுத்துமிடத்தில் கணுக்கால் அளவுக்குப் பனி. பயத்தில் குளிர்கூட உறைக்கவில்லை. மனைவிதான் என் காலைப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, உங்கட சப்பாத்து எங்கை?”

அப்போதுதான் விளங்கியது.

“அந்தப் பையுக்கை” என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “வாயைத் திறவாதேங்கோ. வேணுமெண்டு வைச்சதெண்டு பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்” என்றாள் மெதுவாக.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் பேசாமல் நிற்கத்தான் நினைத்தேன். தூரத்தில் பொலிஸ் வண்டியின் சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற ஒரு வயதான யூத அம்மா, என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், என் காலைக் கண்டதும் கழுத்தில் சுற்றியிருந்த கம்பளிச் சால்வையை அவிழ்த்துப் பனியில் விரித்தார். அதில் ஏறி நில் என்று கையைக் காட்டினார்.

அதில் என்னால் கால் வைக்க முடியவில்லை. நேரே காவலாளியிடம் நடந்து போய் அந்தப் பை என்னுடையது என்றேன். அவர் ஓரடி பின்னுக்குப் போய்க் கைகளை வெளியே காட்டச் சொன்னார். வந்த பொலிஸ் இருவரும் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். என்ன நிறம், என்ன அளவு, ஏன் ஒளித்தாய்? கோயிலில் சப்பாத்து மாறிப்போகும் என்று அந்த நேரத்தில் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்திப் பாருங்கள். தெரிந்த சாமியெல்லாவற்றையும் கூப்பிட்டேன்.

நெடுநேரம் கழித்து ஒரு பொலிஸ்காரர் என் சப்பாத்துகளைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை. குழந்தையை அணைத்தபடி நின்ற ஒரு தகப்பன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை. காவலாளி என்னை நன்றாகவே ஏசினார். ஏசட்டும், அவர் வேலை அது.

கச்சேரி திரும்பத் தொடங்கியபோது கிளாரினெட்காரர் முதல் சுரத்திலேயே இரண்டு தரம் தடுக்கினார். முடிந்ததும் அந்த அம்மாவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். எங்கே போனாலும் முதலில் வெளியே போகிற கதவைப் பார்த்துவிட்டுத்தான் தான் உட்காருவதாகச் சொன்னார். நானும் அப்படிப் பார்த்து உட்காருகிறவன்தான்.

நாட்டைவிட்டுப் பயந்து ஓடிவந்தவன் என்றுதான் என்னைப் பற்றி இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அத்தனை பேரையும் பனிக்குள் பயந்து ஓடவைத்தவனும் நான்தான் என்பது, அந்த இசையை எப்போது போட்டாலும் முதலில் என் நினைவுக்கு வருகிறது.