நீலச் சட்டையும் என் சாட்சியும்

வல்லம் வடகாலில் நாங்கள் கூடிய சபைக்குத் தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் பிரசங்கம் காதில் விழாது என்பதால் பாட்டையே நீட்டிக்கொண்டு போவார்கள். அங்கே ஞாயிறு வகுப்புக்கு என் அப்பாதான் வாத்தியார். மற்ற நாட்களில் ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். எதைச் சொன்னாலும் செய்து காட்டச் சொல்கிற லைன் பழக்கம் வகுப்புக்கும் வந்துவிட்டது. வசனத்தைத் தப்பில்லாமல் ஒப்பிப்பதற்கெல்லாம் அவரிடம் மதிப்பே கிடையாது. பாடத்தை வாரத்துக்குள் செய்துவிட்டு, அடுத்த ஞாயிறு பெரியவர்களைப் போல எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும்.

ஒன்பது வயதாகியும் நான் ஒரு சாட்சிகூடச் சொன்னதில்லை. என் வயதுக்காரியான பாஸ்டர் மகள் மூன்று சொல்லியிருந்தாள். மூன்றாவது, தன் பென்சிலைத் தம்பிக்குக் கொடுத்தது. அன்று சாயங்காலமே அதை அவள் திரும்பப் பிடுங்கிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். கைதட்டியவர்கள் யாரும் பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த ஞாயிறு, இரண்டு சட்டை வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது பாடம். அப்பா சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கைகால் பரபரத்தது. யாருக்குக் கொடுப்பது என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

எங்கள் வீட்டு மாடி அறையில் தென்காசிப் பக்கத்து அண்ணன் ஒருவர் குடியிருந்தார். அப்பாவின் லைனிலேயே காண்ட்ராக்ட் வேலை. ஞாயிறு எங்கள் சபைக்கும் வருவார். காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை, நிரந்தரமானவர்களுக்கு நீலம். அண்ணனின் இரண்டு சட்டைகளில் ஒன்று மெஷினில் மாட்டிக் கிழிந்துபோனது. மிச்சமிருந்ததைத் தினமும் துவைத்து, அடைமழையில் அது காயாமல், ஈரத்தோடு போட்டுக்கொண்டு போவார். எங்கள் பீரோவிலோ அப்பாவின் புது நீலச் சட்டை ஒன்று உறை பிரிக்காமல் சும்மா கிடந்தது. நிறத்தை நான் பொருட்படுத்தவேயில்லை. என் பள்ளிக்கூடத்தில் சிவப்பு அணி, பச்சை அணி இருந்ததைப் போல இதுவும் ஏதோ ஒன்று என்று நினைத்தேன்.

அன்று மத்தியானத்திலிருந்து அப்பாவுக்கு ஓ.டி. அம்மா யார் வீட்டு ஜெபத்துக்கோ போயிருந்தாள். பீரோவைத் திறந்து சட்டையை எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினேன். அண்ணன் அதைக் கையில் வாங்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்பா குடுக்கச் சொன்னாவளா பாப்பா?"

இல்லை என்றால் வாங்க மாட்டார், என் சாட்சியும் போய்விடும். தவிர, காலையில் அந்தப் பாடத்தைச் சொன்னது அப்பாதானே?

"ஆமாண்ணா. உனக்குத்தான் குடுக்கச் சொன்னாரு."

அந்தக் கம்பெனியில் ஒருவரை நிரந்தரமாக்கினால், கடிதம் வருமுன்பே சூப்பர்வைசர் நீலச் சட்டையைக் கொடுத்துவிடுவது வழக்கம். மூன்று வருஷமாக அண்ணன் காத்திருந்தது அதற்குத்தான். எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

அவர் கண் கலங்கிவிட்டது. என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். உடனே ஊருக்குப் போன் போட்டார்.

"எம்மா, கெடச்சிட்டு. இனும நீ பீடி சுத்தாண்டாம்."

ஒரு சட்டைக்கு இவ்வளவு சந்தோஷமா! எனக்குத் தலைகால் புரியவில்லை. பாஸ்டர் மகளின் பென்சில் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு? அண்ணன் கடைக்கு ஓடி ஜாங்கிரி வாங்கிவந்தார். நான்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகக் கொடுத்தேன். எதற்கென்று கேட்டவர்களிடம் அண்ணனுக்குப் புதுச் சட்டை என்றேன். அம்மாவிடம் மட்டும், ஜாங்கிரி அண்ணன் கொடுத்தது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மற்றதைச் சாட்சிக்காக அடக்கி வைத்திருந்தேன். அப்பா வேலை முடிந்து வரும்போது நான் தூங்கியிருந்தேன். அவர் எழுவதற்கு முன்பே அண்ணன் முதல் ஷிப்டு பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

காலையில் அப்பாவுக்குப் போன் வந்தது. கேட்டில் செக்யூரிட்டி அண்ணனை நிறுத்திவைத்திருந்தார்கள். காண்ட்ராக்ட் அட்டைக்காரனுக்கு நீலச் சட்டை ஏது, யாரிடம் திருடியது என்று கேட்கிறார்களாம். சூப்பர்வைசர் சார் கொடுத்தது என்கிறாராம் அவர். அப்பா பீரோவைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவன்கிட்ட இன்னா சொல்லி அதக் குடுத்த?"

சொன்னேன், பெருமையாகத்தான். அப்பா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பல்கூடத் தேய்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கேட்டில் போய், சட்டையைத் தானே கொடுத்ததாகச் சொல்லி அவர் மெமோ வாங்கியது, பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொய் சொல்லக் கூடாது என்ற பாடத்தை அதற்கு முந்தின மாதம்தான் எங்களுக்கு நடத்தியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை சட்டை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு, அதே உறைக்குள் இருந்தது. கேட்காமல் எடுத்தது தப்பு என்று அப்பா ஒரே ஒரு முறை சொன்னார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. திரும்பி வந்தால் என்ன, கொடுத்தது கொடுத்ததுதானே!

ஞாயிறு சாட்சி நேரம் வந்ததும் முதல் ஆளாக எழுந்தேன். அப்பா என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். நான் கையைத் தட்டிவிட்டு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரச் சட்டை, நீலச் சட்டை, அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றியது, ஜாங்கிரி, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் பெரியவர்கள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து அண்ணன்தான் முதலில் கைதட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். பாஸ்டர் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு நாள் போட்டுக் கழற்றிய சட்டைக்கு இவ்வளவு வருத்தமா என்று எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

கொடுத்தது ஒரு சட்டை, அதுவும் பத்திரமாகத் திரும்பிவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன். அந்த வாரத்தில் என்றைக்கோ அண்ணன் ஊருக்கு மறுபடியும் போன் போட்டிருப்பார் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.