ஏர் ஸ்க்ரூவின் முனை

அந்த ஏர் ஸ்க்ரூவின் முனையை உடைத்தவன் நான்தான். பழனிவேல் அல்ல.

இந்த ஒரு வரியை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வாய் திறந்து சொல்லியிருந்தால், இப்போது உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டியிருக்காது. சொல்லவில்லையே!

அரியலூர்ப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எதற்கும் ஒரு முறை உண்டு. அந்த முறை எனக்குத் தெரியும். என் வாழ்க்கைச் சுருக்கம் இவ்வளவுதான். தபால் ஆபீசில், கேட்காமலேயே அடுத்தவர் படிவத்தை வாங்கித் திருத்திக் கொடுக்கும் ஆசாமியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது நான்.

ஓய்வுக்குப் பின் பெரம்பலூரில் குடியேறினேன். கூடவே என் பழைய மோட்டார் சைக்கிளும் வந்தது. ஓடும்வரை உத்தமம், நிறுத்தினால் பிணம். ஆக்சிலேட்டரை விட்டதும் இரண்டு இருமல், அப்புறம் மௌனம். 'ஸ்லோ நிக்கல' என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

மருந்து எனக்கா தெரியாது? இன்ஜினைச் சூடாக்கு. கார்புரேட்டரில் காற்றை அளந்து விடும் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக, விரல் நுனி தடுப்பை உணரும் வரை மட்டும், மூடு. பிறகு ஒன்றரைச் சுற்று திற. கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஒரு ஞாயிறு முழுக்க எழுதியபடியே செய்தேன். வண்டி என்னை மதிக்கவில்லை.

பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்தவன் பழனிவேல். முப்பத்தைந்து வயதிருக்கும். அவன் அப்பா காலம்வரை ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன். வண்டியை அவனிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

புகைக்குழாய்ப் பக்கம் தலையைச் சாய்த்தான். கண்ணை மூடினான். ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினான். கொஞ்சம் திரும்ப விட்டான். அவ்வளவுதான்... வண்டி சீராகத் துடித்தது.

"எத்தனை சுத்து வச்ச?" என்றேன்.

"எண்ணல சார். போதும்னா அதுவே சொல்லிரும்."

பக்கத்து டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். "வாத்தியாருக்கே வகுப்பு எடுத்துட்டான்யா!" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். ஒரு மனிதனைக் கெடுக்க எனக்கு வேறு பெரிய காரணம் எதுவும் தேவைப்படவில்லை. எவ்வளவு மலிவானவன் பாருங்கள்!

சில மாதம் கழித்து லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஜமால் பாய் என் வீட்டுக்கு வந்தார். அவர் மருமகனுக்குத் துபாயில் வண்டிப் பட்டறை, ஆள் தேவை. பழனிவேலை அனுப்பத் தீர்மானித்திருந்தார்.

"சர்டிபிகேட் இல்லாத ஆளு சார். நீங்க ஒரு டெஸ்ட் வச்சுப் பாத்து, சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும். இன்ஷா அல்லா, அடுத்த மாசமே ஏத்தி விட்டுருவேன்."

பழனிவேல் பாஸ்போர்ட் எடுத்துவிட்டிருந்தான். பட்டறை இடத்தையும் வேறொரு மெக்கானிக்குக் கைமாற்றி விட்டிருந்தான். இரண்டும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் எனக்காகச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு வண்டிக்குப் பழைய வியாதி திரும்பியது. மறுபடி அவனிடமா? மாட்டேன்! நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். 'விரல் நுனி உணரும் வரை'... என் விரல் எதையும் உணரவில்லை. காதில் அந்த டீக்கடைச் சிரிப்புதான் கேட்டது. இறுக்கினேன். உள்ளே ஏதோ 'நெக்' என்றது. கழற்றிப் பார்த்தால், முனை இல்லை. கார்புரேட்டருக்குள் துளையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இதைச் செய்த மாணவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

மொட்டை ஸ்க்ரூவை மறுபடி மாட்டி வைத்தேன்.

பரீட்சையன்று பாய்தான் சொன்னார்: "உங்க வண்டியவே குடுங்க சார். அவன் கை பட்ட வண்டிதான?"

மறுத்திருக்கலாம். 'அது பழுது, வேறு வண்டி கொண்டுவாருங்கள்' என்றிருக்கலாம். அதற்குக்கூட நான் பழுதாக்கினேன் என்று சொல்லத் தேவையில்லை! ஆனால் நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். பழனிவேலிடம், "காத வச்சுக் கேக்குற வேலையெல்லாம் இங்க வேணாம். முறைப்படி செய். மொதல்ல முழுக்க மூடு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பழியை ஏற்றத் தோதாக இருக்கும் என்று அப்போதே கணக்குப் போட்டேனா? இல்லை என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை.

அவன் மூடினான். திறந்தான். நின்றான்.

"சார், இது கேக்க மாட்டேங்குது. உள்ள என்னமோ ஒடஞ்சு கெடக்கு." ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

பாய் என்னைப் பார்த்தார். "முன்னாடியே இப்படித்தானா சார்?"

"காலையில கூட ஜம்முனு ஸ்லோ நின்ன வண்டி பாய். இப்பத்தான் இறுக்கி ஒடச்சிட்டான்."

சொல்லிவிட்டேன். குரல் நடுங்கக்கூட இல்லை.

பித்தளை ஸ்க்ரூ அப்போதுதான் உடைந்திருந்தால் உடைந்த இடம் பளபளக்கும். இது பெட்ரோல் கசடு படிந்து கறுத்திருந்தது. பழனிவேல் அதைக் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை சுரண்டினான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன்...

"சரிங்க சார்," என்று வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

ஓய்வு பெற்ற வாத்தியார் சொல்லும் அவன் சொல்லும் எதிரெதிரே நின்றால் எது நிற்கும் என்பதையும் அவனுக்கு எண்ணிப் பார்க்கத் தேவைப்படவில்லை போலும்.

"கஸ்டமர் வண்டிய இப்படி ஒடச்சான்னா எம் மருமகன் அங்க என்னா பண்ணுவாரு?" என்று எழுந்து போனார் பாய். விட்டுக்கொடுத்த பட்டறை இடமும் அவனுக்குத் திரும்பவில்லை. கல் உடைக்கும் க்ரஷரில் வேலைக்குப் போனான்.

நான் வேறு கார்புரேட்டர் மாட்டிக்கொண்டேன். இன்று வரை வண்டி அருமையாக ஸ்லோ நிற்கிறது.

போன மாதம் பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். காதோர முடியில் வெண்ணிறக் கல்தூசி, நரையும் இருக்கலாம். எழுந்து நின்றான், எனக்காக! அருகில் போய்த் தாழ்ந்த குரலில், "பழனிவேல், அந்த ஸ்க்ரூவ ஒடச்சது நான்தான்பா" என்றேன்.

தலையைச் சாய்த்தான். அன்று புகைக்குழாய்ப் பக்கம் சாய்த்த அதே சாய்ப்பு.

"சத்தமாச் சொல்லுங்க சார். க்ரஷர் சத்தத்துல ரெண்டு காதும் போயிருச்சு."

சுற்றிலும் திருச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டம். என் தெருக்காரர் ஒருவர் வணக்கம் வைத்தார். மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"நல்லா இருக்கியான்னு கேட்டேன்!" என்று கத்தினேன்.

"இருக்கேன் சார். வண்டி ஸ்லோ நிக்குதா?"

தலையசைத்தேன்.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவனுக்குப் படிக்கத் தெரியும். சட்டைப்பையில் பேனாவும் இருந்தது... எப்போதும் இருக்கும், அடுத்தவர் படிவத்தைத் திருத்த.