எறும்பு கடிக்கிற மாதிரி

எங்கள் வார்டில் பத்து வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுக் கிழவிக்கும் சொல்ல ஒரே வசனம்தான் இருந்தது: "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், அவ்ளோதான்." ஊசிக்கும் அந்த எறும்புதான், வயிற்றைத் திறக்கிற ஆபரேஷனுக்கும் அதே எறும்புதான். டாக்டர் சொல்வார், ஆயா சொல்வார், நானும் வாய் கூசாமல் சொல்வேன். பயந்து ஓடிவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். எண்பதுகளின் நடுவில், விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் நான் நர்சாக இருந்தபோது, அந்த எறும்பை ஒருவர் நசுக்கிப் போட்டார்.

எனக்கு வீடு திண்டிவனத்தில். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து நர்சுகள் அங்கே ஒரு தோழியின் வீட்டில் கூடுவோம். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, தின்றுகொண்டு மேட்ரனைத் திட்டுவதற்காகத்தான் கூட ஆரம்பித்தோம். பிறகு தோழியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து பழைய நர்சிங் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக அனுப்பிவைத்தார். நர்சுகளே ஆராய்ச்சி செய்து எழுதிய கட்டுரைகள். நர்சு ஆராய்ச்சி செய்வாள் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. ஆனால் அந்த இங்கிலீஷ் இருக்கிறதே, வாயில் போட்டால் மெல்ல முடியாது. பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்டு எண்கள் வேறு. எனக்கு எரிச்சலாக வரும். "இத்த படிச்சு பட்டமா வாங்கப் போறோம்? நாளைக்கு காலைல வார்டுல நான் இன்னா செய்யணும்? அத்த மட்டும் சொல்லுடி" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

அதுவே எங்கள் சட்டமாகிவிட்டது. ஆளுக்கு ஒரு கட்டுரை. அதை மறுநாள் காலை வார்டில் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியமாகச் சுருக்கிக்கொண்டு வர வேண்டும். முடியாதவள் எல்லாருக்கும் டீ போட வேண்டும். நான் நிறைய டீ போட்டிருக்கிறேன்.

அப்படி என் பங்குக்கு வந்த ஒரு கட்டுரை என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் நர்சு பக்கத்தில் உட்கார்ந்து, விழித்ததும் உடம்பு எப்படி இருக்கும், எங்கே வலிக்கும், வலித்தால் என்ன செய்யலாம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால், பிற்பாடு வலியும் பதற்றமும் குறைகின்றனவாம். மருந்தில்லை, மெஷினில்லை, வெறும் பேச்சு. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி விக்கிரவாண்டி தாண்டும்வரை அந்த ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

அந்த வாரம்தான் கோலியனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா மூன்றாவது முறையாக அட்மிட் ஆனார். களை எடுத்தும் மல்லாட்டை பிடுங்கியும் பிழைக்கிறவர். வயிற்றில் கட்டி. பார்த்தால் நிறைமாதம் என்பார்கள். முதல் இரண்டு தடவையும் ஆபரேஷன் அன்று காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டவர். "இந்தத் தடவையும் ஓடினா நான் தொடவே மாட்டேன்" என்று டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார். கட்டி உள்ளே வெடித்தால் பிழைக்கவைக்க முடியாது என்ற கோபம்தான் அது. இனி ஓடினால் அந்த அக்கா சாவை நோக்கித்தான் ஓடுகிறார் என்று எனக்கும் தெரிந்திருந்தது.

"ஏன்க்கா ஓடினீங்க?" என்று கேட்டேன்.

"எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்னாங்க. பக்கத்து கட்டில்காரிய ஆபரேசன் பண்ணி கொண்டாந்து போட்டாங்க பாருங்க, அது கத்துன கத்து இருக்குதே! எறும்பு கடிச்சா அப்டியா கத்துவாங்க சிஸ்டரம்மா? இதுலயே பொய் சொல்றவங்க, உள்ள இட்டுக்கினு போயி இன்னா பண்ணுவாங்களோன்னு ஓடிட்டேன்."

ஓடாமல் இருக்க நாங்கள் சொன்ன பொய்தான் அவரை ஓட வைத்திருக்கிறது.

டாக்டரிடம் போய், எல்லாவற்றையும் அவரிடம் சொல்லப் போகிறேன் என்றேன். "வலிக்கும்னா? இருக்கற பயம் போதாதா சிஸ்டர்? ஓடினா நீங்கதான் பொறுப்பு" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் என்னை முந்திக்கொள்ளும்.

ஆனால் எப்படிச் சொல்வது? கட்டுரையின் வார்த்தைகளை அப்படியே தமிழாக்கினால் ரேடியோ செய்தி மாதிரி இருந்தது. மறுநாள் ஆபரேஷன் என்ற நிலையில், மத்தியானம் அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து வந்தபடி பேசினேன். "ராத்திரிக்கு மேல பச்சத் தண்ணிகூட குடிக்கக் கூடாது. ஆபரேசன் முடிஞ்சு கண்ணு முழிக்கும்போது குளுரும், பல்லெல்லாம் கிடுகிடுன்னு ஆடும். அது மயக்க மருந்து எறங்கறது, பயப்படாதீங்க. நாக்கு வறண்டுபோவும். தண்ணி குடுக்க மாட்டோம், பஞ்ச நனைச்சு உதட்டுல வெப்போம். தொப்புளுக்குக் கீழ தையல் போட்ட எடம் எரியும். அப்புறம் நீங்க இருமியே ஆவணும், இல்லாட்டி சளி கட்டிக்கும். இருமும்போது தையல் கிழியற மாதிரி இருக்கும். ஆனா கிழியாது. ஒரு தலகாணிய வயித்து மேல வெச்சு ரெண்டு கையாலயும் அமுக்கிக்கினு இருமுங்க."

என் மடியிலிருந்த டவலை மடித்துக் கொடுத்து இருமிக் காட்டச் சொன்னேன். இருமினார். பக்கத்துக் கட்டிலில், முந்தின நாள் குடல்வால் ஆபரேஷன் ஆன காலேஜ் பெண் ஒருத்தி, சளி கரகரக்க இருமப் பயந்து படுத்துக்கிடந்தவள், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாங்கள் எறும்பைத்தான் சொல்லியிருந்தோம்.

"தலகாணி கெட்டியா இருக்கணுமா, மெத்துன்னு இருக்கணுமா?" அக்கா கேட்டது அவ்வளவுதான்.

"ரெண்டும்தான்" என்றேன், யோசிக்காமல்.

மறுநாள் காலையில் நான் பஸ் இறங்கி வார்டுக்குள் நுழைந்தபோது அக்காவின் கட்டில் காலி. சாயந்திரம் பார்வையாளர் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டாராம். ஆயா தலையில் அடித்துக்கொண்டார். "நல்லா பேஜாரு பண்ணிட்ட சிஸ்டர். கிழியும் கிழியும்னு சொன்னா எவ இருப்பா?" டாக்டர் கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீமையில் சரிப்பட்டது இங்கே சரிப்படாது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் செத்துப்போனால் அந்த அக்காவுக்கு யார் பதில் சொல்வது?

அப்போதுதான் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு அக்கா ஏறி வந்தார். பின்னால் அவர் வீட்டுக்காரர், பழைய புடவைத் துணியில் சுற்றிய ஒரு மூட்டையை அணைத்துக்கொண்டு.

"எங்கக்கா போனீங்க?" கத்தியேவிட்டேன்.

"தலகாணிக்குத்தான். இங்கதான் ஒரு கட்டில்லயும் தலகாணி இல்லியே."

மூட்டையைப் பிரித்தார். இலவம்பஞ்சுத் தலையணை. வீட்டிலிருந்ததைப் பிரித்து, பஞ்சை அடித்து, தன் வயிற்றின் அகலத்துக்கு அளந்து, கெட்டியாகவும் மெத்தென்றும் இருக்கும்படி புதிதாகத் தைத்திருந்தார். "என்னத் தூங்கவே உடலம்மா. மெத்துனு இருக்குதா, கெட்டியா இருக்குதான்னு அமுக்கி அமுக்கிப் பாக்கச் சொல்லிக்கினே இருந்துது" என்றார் வீட்டுக்காரர். அக்கா அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "பச்சத் தண்ணிகூட பல்லுல படல சிஸ்டரம்மா, நீங்க சொன்னீங்கல்ல. டாக்டரு உட்டுட்டுப் போயிடப் போறாரு, ஜல்தி வாங்க."

அன்றைய ஆபரேஷன்களில் கடைசியாக அவரைச் சேர்த்துக்கொண்டார் டாக்டர். தலையணையைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மத்தியானம் அக்கா கண் விழிக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். பல் கிடுகிடுத்தது. ஆயா கை காலைப் பிடிக்கத் தயாராக நின்றார். அக்கா கத்தவில்லை. என்னைத் தேடிப் பார்த்து, ஏதோ ஊரிலிருந்து எதிர்பார்த்த ஆள் வந்து சேர்ந்ததைப் போல, "வந்துடுச்சு சிஸ்டரம்மா, நீங்க சொன்ன குளுரு" என்றார். எத்தனையோ வருஷம் நர்சு வேலை பார்த்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு இணையாக எதையும் பார்த்ததில்லை. யாரோ ஊர் பேர் தெரியாத நர்சுகள் எங்கேயோ நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டறிந்தது, கப்பலேறி, பஸ்ஸேறி, என் அரைகுறை இங்கிலீஷில் அடிபட்டு, இந்த அக்காவின் நடுங்குகிற உதட்டுக்கு வந்துவிட்டதே என்று மலைத்துப்போய் நின்றேன். அவருக்கு வலிக்காமல் இல்லை. அழுதார், ஊசியும் கேட்டார். ஆனால் பயம் இல்லை. வலி வலியாக மட்டும் இருந்தது.

மறுநாள் காலை இருமச் சொன்னேன். ஆயா, எதிர்க்கட்டில்காரர்கள், குடல்வால் பெண் என்று வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா தலையணையை வயிற்றோடு அணைத்து, இரண்டு கையாலும் அமுக்கி, கண்ணை இறுக்கி மூடி இருமினார். நெஞ்சிலிருந்து கொத்தாகச் சளி வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கொஞ்ச நேரம் அசையவேயில்லை. பிறகு தலையணையை மெல்ல விலக்கி, தையல் மேலிருந்த கட்டைத் தடவிப் பார்த்தார்.

"கிழியல" என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்தால் வலிக்குமே என்று மறுபடியும் தலையணையை அமுக்கிக்கொண்டு சிரித்தார்.

பக்கத்துக் கட்டில் பெண் கையை நீட்டினாள். "அக்கா, அத்த கொஞ்சம் குடுங்களேன்."

"வலிக்கும்" என்றார் அக்கா, தலையணையைக் கொடுத்துக்கொண்டே. "கிழியற மாதிரி இருக்கும். ஆனா கிழியாது."