தூக்கிப் பிடித்த கை

என் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தன. கட்டைவிரலும் அடுத்த இரண்டும் மரத்துப்போய், யாருடைய கையையோ நான் சுமந்து திரிவது போல இருந்தது. தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவேன். தோசைக்கரண்டி தானாக நழுவும். வீட்டுக்காரர் இதை வாயு என்று முடிவு கட்டி, பூண்டைச் சுட்டுத் தின்னச் சொன்னார். தின்றேன். வாய் நாறியதுதான் மிச்சம்.

என் பிழைப்பே அந்த விரல்களில்தான். ஓசூரில் வண்டிகளுக்கு ஒயர்க் கொத்து செய்கிற கம்பெனியில் வேலை. ஒயர் முனையை பிளாஸ்டிக் கனெக்டரின் ஓட்டைக்குள் செருக வேண்டும். உள்ளே பூட்டிக்கொண்டால் விரல் நுனியில் சின்னதாக ஓர் உதை தெரியும். அப்புறம் லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும், வரக்கூடாது. இதற்குக் கண் உதவாது, மெஷின் சத்தத்தில் காதும் உதவாது. அந்த உதை எனக்குத் தெரியாமல் போனதும் நானே சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பிவிட்டார். லைனிலேயே வேகமான கை என்று பெயர் வாங்கியவள் பெட்டி மடித்தேன். எனக்கிருந்த கோபத்தில் பாதிப் பெட்டி கோணலாகத்தான் மடிந்தது.

டாக்டர் கையில் கரண்ட் வைத்து நரம்பைச் சோதித்தார். மணிக்கட்டில் நரம்பு போகிற வழி இறுகிவிட்டது, மேலே இருக்கிற பட்டையை அறுத்துவிட்டால் நரம்புக்கு மூச்சு வரும் என்றார். பழைய மாதிரி உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். பெரும்பாலும் திரும்பும், பொறுமை வேண்டும் என்றார். அது எனக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது.

லைனில் விஷயம் பரவியது. கையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எங்களில் யாரும் இல்லாததால் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். என் பக்கத்தில் நின்று ஒயருக்கு டேப் சுற்றுகிற ஜவளகிரிப் பெண் எல்லாரையும் மிஞ்சினாள்.

"நரம்புல கத்தி பட்டா கை அவ்ளோதான்க்கா. அப்பறம் பொட்டிகூட மடிக்க முடியாது."

உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று அவளைத் திட்டிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஆபரேஷன் அன்று கையை மட்டும் மரக்கவைத்தார்கள். ஏற்கெனவே மரத்த கைக்கு எதற்கு ஊசி என்று கேட்டதற்கு நர்ஸ் சிரித்தார். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி கட்டியிருந்தது. அந்தப் பக்கம் டாக்டரும் நர்ஸும் எனக்குப் புரிய வேண்டாமென்று கன்னடத்துக்கு மாறினார்கள். ஓசூர்க்காரியிடம் மறைத்துப் பேச எந்த மொழி இருக்கிறது? பட்டை ரொம்பத் தடித்திருக்கிறது, நல்லவேளை நரம்பு கெடவில்லை என்றார் டாக்டர். ரொம்ப சந்தோஷம் சார் என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். துணிக்கு மேலே டாக்டரின் தலை எட்டிப் பார்த்தது. பிறகு இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

கட்டுப் போட்ட கையை நெஞ்சுக்கு மேலே தூக்கியே வைத்திருக்கச் சொன்னார்கள், இல்லாவிட்டால் வீங்குமாம். நான் தலைக்கு மேலேயே தூக்கிக்கொண்டேன். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஓசூர் ரோட்டோரம் ஒருத்தி கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று எனக்கும் தோன்றவில்லை, கூட வந்த வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதை அனுப்புவதற்குள் ஏதோ கம்பெனி பஸ் பிரேக் போட்டது. பின்னாலேயே பர்கூர் பஸ். கண்டக்டர் கதவைத் திறந்துகொண்டு, ஏறுவதற்கு வெற்றிலைபாக்கு வைத்து அழைக்க வேண்டுமா என்று கேட்டார். வீட்டுக்காரர் வண்டிக்கு வண்டி கும்பிடு போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"கைய எறக்கு தாயே, ஊரே நிக்குது," என்றார்.

டாக்டர் சொல்லை மீற மாட்டேன் என்று நான் இறக்கவே இல்லை. சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்துவிடுமோ என்றுகூடப் பயம் வந்தது.

அன்றைக்கு இரவு கை என்னை எழுப்பவில்லை. விரல்களுக்குத்தான் அவசரமே இல்லை. தையல் பிரித்த பிறகும் நுனி மந்தமாகவே இருந்தது; டாக்டர் சொன்ன பொறுமையை நினைத்து எரிச்சல்பட்டேன். வாரங்கள் போயின. ஒருநாள் வீட்டுக்காரர் கேழ்வரகுக் களி கிண்டி வைத்தார். ஸ்பூனைத் தள்ளிவிட்டு விரலை விட்டேன். சுட்டது. கையை இழுத்துக்கொண்டு, சுடுகிறது சுடுகிறது என்று கத்தினேன். அவர் தண்ணீர் எடுக்க ஓடினார். நான் மறுபடி விரலை விட்டேன். கட்டை, ஆள்காட்டி, நடு என்று மூன்றிலும் சுட்டது. களி முழுக்கக் கட்டி. ஒவ்வொரு கட்டியும் விரலுக்குத் தெரிந்தது. அவ்வளவு மோசமான களியை அவ்வளவு ஆனந்தமாக நான் தின்றதே இல்லை.

வேலைக்குத் திரும்பியதும் சூப்பர்வைசர் சும்மா விடவில்லை. சரியாகப் பூட்டாத ஒயர்களை வேண்டுமென்றே கலந்து ஒரு கொத்தைக் கொடுத்து, கெட்டதைக் கண்டுபிடிக்கச் சொன்னார். லைன் முழுக்கச் சுற்றி நின்றது. எனக்கு வேர்த்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தி இழுத்தேன். கெட்டதெல்லாம் கையோடு வந்தது. நல்ல ஒயர் ஒன்றை எடுத்துச் செருகினேன். விரல் நுனியில் அந்தச் சின்ன உதை தெரிந்தது. சூப்பர்வைசர் என் பழைய இடத்தைக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஜவளகிரிப் பெண் தட்டவில்லை. டீ நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் உள்ளங்கையில் இருந்த தழும்பை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் வலது கையை நீட்டினாள். அவளுடைய நடுவிரல் நுனியை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். பெட்டி மடிக்க அனுப்பிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

"நீ நல்லாகி வரணும்னு உன்னைவிட நான்தான்க்கா அதிகமா வேண்டிக்கிட்டன்," என்றாள். "ஆபரேசனுக்கு எங்கூட வரியா?"

வேலையில் சேர்ந்த அன்றைக்கே லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர் என்னை முறைத்தார்.