திருவொற்றியூரில் நிறமில்லாத ஆறு தகடுகள்

2003, மார்கழி. கும்பகோணத்தில் ஏறிய பேருந்து என்னைக் கோயம்பேட்டில் இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. சென்ட்ரலுக்கு வந்து, ஐந்து ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கி, கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் உட்கார்ந்தேன். சென்னைக்குப் போகிறேன் என்றதும் "மெரினாவா, மாமல்லபுரமா?" என்று கேட்கிறவர்கள் யாரும் இந்த ரயிலில் ஏறுவதில்லை. கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் ஜன்னல் கம்பியைப் பிடித்த கை கறுத்துவிட்டது. சேலைத் தலைப்பில் துடைத்தேன். எதிரே காலி மீன்கூடையோடு இருந்த அம்மாள் சிரித்தாள்.

"தொடச்சா போவாதும்மா. சோப்பு போடு. இங்க காத்தே கரிதான்."

ஆறரை மணிக்குத் திருவொற்றியூர். கடற்கரைக்கு முப்பது ரூபாய் என்றார் ஆட்டோக்காரர். பேரம் பேசுகிற தெம்பு எனக்கில்லை. எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ரேஷன் கடை வரிசைபோல அசையாமல் நின்றன. "ஹார்பர் உள்ள வுடுற வரிக்கும் இப்டித்தான் மேடம். டிரைவருங்க இங்கியே ஆக்கித் துன்னுட்டு தூங்கிகினு கீறாங்க" என்றார் ஆட்டோக்காரர். மணலிப் பக்கமிருந்து அழுகின முட்டை வாடை வந்தது. வானம் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி வெளிச்சத்தை வைத்துக் கலை செய்கிறாளாம் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

அந்த ஒருத்தி ஜெசிந்தா, ஓவியக் கல்லூரி விடுதியில் என் அறைத் தோழி. நான் பள்ளிக்கூடத்தில் மாம்பழம் வரையச் சொல்லிக் கொடுக்கப் போய்விட்டேன். அவள் பிடிவாதமாக நின்றாள். அவளுடைய அப்பாவுக்குச் சாத்தாங்காட்டில் இரும்புக் கடை. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, தகரம் தகரமாக விற்று மேலே வந்தவர். இன்று தென்சென்னையிலிருந்து ஓவியக்கூடம் நடத்தும் ஒருவர் வேலையைப் பார்க்க வருகிறார். அவர் எடுத்துக்கொண்டால் வெளிநாட்டுக் கண்காட்சி. வேண்டாம் என்றால் நாளை முதல் ஜெசிந்தா கடையில் பில் போட வேண்டும், தை பிறந்ததும் தூத்துக்குடி மாப்பிள்ளை. அப்பாவுக்கும் மகளுக்கும் ஒப்பந்தம் இதுதான். துணைக்கு நான் வந்திருக்கிறேன்.

அவள் வேலை செய்யும் இடம் பைபர் படகு கட்டும் கொட்டகை. சொந்தக்காரர் தேசிங்கு அண்ணன். கண்ணாடி நாரால் ஆன பாய், பார்க்கப் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கும். அதன்மேல் ரெசின் பசையை ஊற்றினால் வெள்ளை கரைந்துபோய், பாய் இருக்கிற இடமே தெரியாது. படகுக்காரர்கள் அதற்குமேல் நீலமும் சிவப்பும் அடிப்பார்கள். ஜெசிந்தா ஒன்றும் அடிக்கவில்லை. கதவு உயரத்தில் ஆறு தகடுகள், நிறமில்லை, உருவமில்லை. கடலைப் பார்த்த வாசலில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கும். "முதல் தகட்டுல வெளிச்சம் பால் மாதிரி இருக்கும், ஆறாவதுல புகை மாதிரி. நடுவுல நடந்து போகணும், அவ்வளவுதான்" என்று போனில் சொல்லியிருந்தாள். அவ்வளவுதானா என்று அன்று நான் கேலி செய்தேன்.

நான் உள்ளே நுழைந்தபோது ஜெசிந்தா முதல் தகட்டின் முன் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் உயிரில்லை. தகட்டின் நெற்றியில் மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைத்திருந்தது. காலடியில் உடைத்த தேங்காய்.

"புது போட்டு கொட்டாய வுட்டு வெளிய போச்சொல்லோ அணியத்துல மஞ்ச குங்குமம் வெக்காம அனுப்ப மாட்டோம்மா" என்றார் தேசிங்கு அண்ணன். அணியம் என்றால் படகின் முன்பக்கம். "இன்னிக்குப் பெரிய ஆளு வராரு இல்ல? கண்ணு பட்டுடக் கூடாது. அதான் காலீலயே குளிச்சிட்டு வந்து வெச்சேன்."

மேல்பூச்சு முந்தின நாள் போட்டது, இன்னும் பிசுபிசுப்பு அடங்கவில்லை. மஞ்சள் உள்ளே இறங்கிவிட்டது. தின்னர் போட்டால் தகடே கலங்கிவிடும். மாற்றுத் தகடு கிடையாது.

"இன்னாம்மா பேசாம கீற? தப்பு பண்ட்டனா?"

"இல்லண்ணே. நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றாள். அப்புறம் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

பத்து மணிக்கு ஓவியக்கூடத்துக்காரர் வந்தார், கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி. கூடவே ஜெசிந்தாவின் அப்பாவும் வந்தார். விருந்தாளி பின்னாலிருந்து ஆரம்பித்தார். ஐந்து தகடுகளையும் ஏதோ வாடகை வீடு பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, முதல் தகட்டுக்கு வந்து நின்றார்.

"இதுதாங்க வொர்க்!" என்றார். "மத்ததெல்லாம் எந்த ஊர்லயும் யாரும் செய்வாங்க. வெறும் பிளாஸ்டிக். மஞ்சள் குங்குமம் வெச்சீங்க பாருங்க, அங்கதான் நம்ம மண்ணு பேசுது. ஆறுக்கும் வெச்சுடுங்க, ஆறையும் எடுத்துக்கிறேன். இந்த ஐடியா எப்படி வந்தது?"

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். தான் வைத்ததல்ல என்று சொல்லப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"எல்லாத்துக்கும் வைக்கிறதாத்தான் இருந்தோம் சார். இது முதல்ல வெச்சுப் பார்த்தது" என்றாள்.

கார் கிளம்பியது. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஞாயித்துக்கெழம மாதா கோயிலுக்குப் போற நமக்கு மஞ்சளும் குங்குமமுந்தான் கைகொடுத்திருக்கு, பாத்தியாட்டி! போவட்டும், ஜெயிச்சுட்டல்லா" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுக் கடை திறக்கப் போனார். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவள் என்று இவளை ஊரில் சொல்வார்கள். கரையேறிவிட்டாள்தான்.

"அண்ணே, மீதி அஞ்சுக்கும் வெச்சுடுங்க" என்றாள் ஜெசிந்தா. "அட, சொல்லணுமா!" என்று அவர் மஞ்சள் குழைக்கப் போனார்.

நான் பையை எடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரிப்படலம் விலகி வெயில் வந்தது. எங்கள் ஊரில் வெயில் கேட்பாரில்லாமல் கொட்டிக் கிடக்கும். அதை நான் நின்று பார்த்ததே இல்லை. இங்கே அது தகடு தகடாக இறங்கி, போகப்போக மங்கி, கடைசியில் சிமெண்டுத் தரையில் ஈரம்போலப் படர்ந்தது. வேறொன்றுமே இல்லை. கேலி செய்த நான் பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"பார்த்துக்கோ. கொஞ்ச நேரந்தான்" என்றாள் அவள்.

தேசிங்கு அண்ணன் கிண்ணத்தோடு வந்தார். "எதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும்மா?"

"எதுலேர்ந்துன்னாலும் சரிண்ணே" என்று சொல்லி, வெளிச்சத்தை மறைக்காமல் ஓரமாக நகர்ந்து நின்றாள்.