ஒன்பது வினாடி நின்ற தறி

2024 ஜூன் 12, புதன்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். ஜெர்மனியில் எனக்கு அது மூன்றாம் நாள். விடுதி அறையில் வெந்நீர் வைத்து, ஊரிலிருந்து கொண்டுபோன தூளில் டீ போட்டுக் குடித்தேன். கோயம்புத்தூரில் அப்போது எட்டே முக்கால். என் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். சிறுவாணித் தண்ணீர் வந்ததாகவும் தொட்டி நிறைந்ததாகவும் சொன்னார். ஒன்பது மணிக்குக் கருத்தரங்கு. மக்களின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்கிறவர்கள் பல நாடுகளிலிருந்து வந்திருந்தோம். என் கட்டுரை மறுநாள் காலை பத்து மணிக்கு.

அந்தக் கட்டுரை ஒரே வரியின் மேல் நின்றது. பதினான்கு வருடங்களுக்கு முன் அவிநாசி பக்கம் ஒரு நெசவுக்கார அம்மாவின் பேச்சைப் பதிவு செய்திருந்தேன். தறியில் உட்கார்ந்தபடியே, கணவர் இறந்த வருடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில், “ஊடு அத்துப்போச்சு கண்ணு” என்றார். பிறகு பேச்சில்லை. ஊடு என்றால் எங்கள் பக்கம் வீடு. வீடே அற்றுப்போனது என்று ஒரு பெண் சொல்லிவிட்டு மௌனமாகிறாள் என்று எழுதினேன். அது என் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயமாகவும் ஆனது. வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. அந்த அம்மா இப்போது இல்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு எங்களை ரைன் நதியில் கப்பலில் அழைத்துப்போனார்கள். இரண்டு பக்கமும் மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம், நடுவில் சரக்கு ஏற்றிய நீளப் படகுகள். கரையில் கிலோமீட்டருக்கு ஒரு எண் பலகை இருந்தது. ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த கோட்டைமேட்டுக்காரர், எங்கள் ஊர்க் கல்லூரியில் வரலாறு நடத்துபவர், “ஏனுங்க மேடம், கண்டக்டராட்ட ஸ்டேஜ் எழுதிட்டு வாரீங்க. டிக்கெட்டும் கிழிப்பீங்களா?” என்றார்.

அப்போதுதான் ஒரு ஜப்பானியப் பேராசிரியை வந்தார். அறுபதைக் கடந்தவர். நெசவுக் கூடங்களின் ஓசையை முப்பது வருடமாகக் கேட்டு வருகிறவர். தமிழைப் புத்தகத்தில் படித்திருந்தார், ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்ததற்குப் போனார். கருத்தரங்குக்காக நான் அனுப்பியிருந்த பதிவை முப்பது தடவைக்கு மேல் கேட்டதாகச் சொன்னார். உங்கள் ஊரில் வீட்டை ஊடு என்பீர்களாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். தறியில் குறுக்கே ஓடும் நூலுக்கும் அதே பெயர்தானே என்றார்.

ஊடும் பாவும் என்று நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆனால் வெள்ளகோவில் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் தறி இருந்ததில்லை. காதில் விழும் ஊடு எனக்கு எப்போதும் வீடுதான்.

“அந்த இடத்தில் அந்த அம்மையாரின் பேச்சு மட்டும் நிற்கவில்லை. தறியும் நிற்கிறது. கேளுங்கள்” என்று தன் இயர்போனை நீட்டினார்.

கேட்டேன். தடக் தடக்கென்ற ஓசை நின்றது. ஒன்பது வினாடி கழித்து, மெதுவாக ஒரு அடி. அதற்குப் பிறகு பழைய வேகம். இதே போல நாற்பத்தேழு நிமிடப் பதிவில் இன்னும் ஆறு இடங்கள் இருப்பதாகச் சொன்னார். நேரங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். ஆறையும் வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றிலும் அதே ஓய்வு, அதே மெதுவான முதல் அடி. ஓரிடத்தில் அந்த அம்மா மருமகளைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே தறி நிற்கிறது. நூல் அறுந்திருக்கிறது, முடிச்சுப் போட்டிருக்கிறார். அவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

கோட்டைமேட்டுக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். “அப்ப ஊட்ட இடிச்சுப்போட்டாங்க” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு அர்த்தமும் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் போதும், யாரும் கேட்கப்போவதில்லை என்று சொன்னார். அப்படிச் செய்திருக்கலாம். அந்த வரியை மனதில் எழுதிக்கூடப் பார்த்தேன், நன்றாகவே வந்தது.

ஆனால் எனக்கு அப்போது வருத்தத்தைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. பார்த்தேயிராத ஒரு தறியை, பெயர் தெரியாத ஒரு பெண் எப்போது நிறுத்தினாள், எப்போது தொடங்கினாள் என்று ஒருவர் ஜப்பானில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். என் அத்தியாயம் அந்த அம்மாவை அழவைத்திருந்தது. இவர் அவரை வேலை செய்ய விட்டிருந்தார். கை கூப்பத் தோன்றியது, கூப்பினேன். அவர் பதறி எழுந்து நின்று, குனிந்து வணங்கினார். அதன் பிறகு எத்தனை எண் பலகைகள் போயின என்று என் நோட்டில் இல்லை.

மறுநாள் ஐந்தரைக்கு, டீ போடுவதற்கு முன்னால், அச்சகத்துக்குப் போன் செய்தேன். அங்கே ஒன்பது மணி, அப்போதுதான் திறந்திருந்தார்கள். மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

“தப்பு நெறையா இருக்குதுங்களா?” என்றார் அச்சகக்காரர்.

“ஒரு வார்த்தைதானுங்க” என்றேன்.