மாமனார் பைக்குக்குக் கருப்பு பெயிண்ட்

மறைந்த மாமனாரின் பழைய சிவப்பு பைக்கை இன்று நானே கருப்பாக்கினேன். பட்டறையில் கொடுக்க வசதியில்லை. உப்புத்தாள், இரண்டு ஸ்ப்ரே டப்பா, அம்பத்தூரில் வாங்கிய சீட் கவர், அவ்வளவுதான்.

மனைவி ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. அசத்த நினைத்தேன்.

எல்லாம் முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் உறைத்தது. அவள் அப்பா நினைவாக இருந்த ஒரே பொருள் அது. கேட்காமல் கை வைத்துவிட்டேனே!

மாலை வேலையிலிருந்து வந்தவள் வண்டியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாங்க இது?"

காலி ஸ்ப்ரே டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

மெல்ல டேங்கைத் தடவினாள். "அப்பா கருப்புதாங்க கேட்டாரு. அன்னிக்கு கடையில செவப்பு மட்டும்தான் இருந்துச்சு. கடைசி வரைக்கும் பொலம்பிகினே இருந்தாரு."

அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

நாளை அவளை ஏற்றிக்கொண்டு ஆவடி சிக்னலைத் தாண்ட வேண்டும். ஆர்சி புக்கில் இன்னும் சிவப்பு என்றுதான் இருக்கிறது. போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது, நண்பர்களே?